முழு அனுமதி

அந்த வீட்டில் சின்னவனுக்கு "இன்ஜினியர்" என்று பெயர். அவன் எந்தக் கல்லூரியிலும் இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. டைல்ஸ் கடையில் வாடிக்கையாளர்களின் குளியலறையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, இந்த நீலத்தைப் போட்டால் இப்படி இருக்கும், அந்தப் பழுப்பைப் போட்டால் அப்படி இருக்கும் என்று காட்டுவது அவன் பிழைப்பு. ஆனால் டிவி மக்கர் பண்ணினாலும், இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும், காலிங் பெல் தானாக அடித்தாலும் "இன்ஜினியரைக் கூப்பிடு" என்றுதான் அண்ணன் சொல்வான். அண்ணன் கேலிக்குத்தான் சொன்னான். சின்னவன் அதைப் பட்டமாகவே வாங்கி மாட்டிக்கொண்டான்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். "வணக்கம், யார்கிட்ட பேசணும்?" என்று அவள் கேட்டாலே பாதி நோய் போய்விடும் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வான். நோயே இல்லாமல் போன் பண்ணிப் பண்ணி அவளைக் கட்டிக்கொண்டவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் "தண்ணி வருது, மோட்டார் போடுங்க" என்று சொல்வதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. போன வருடம்தான் கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கும் குழு ஒன்றில் சேர்ந்தாள். இப்போது சட்டம் படிக்கும் ஒரு பெண்ணுக்காக ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். தலையணை கனத்துக்கு இருந்தது புத்தகம்.

அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம் வீட்டின் பின்னால் இருந்த சாமான் அறை. அங்கே ஒரு பழைய துணி அலமாரி. அதன் இரண்டு கதவையும் திறந்து, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பாள். அப்போதுதான் எதிரொலி வராது. அண்ணன் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகல் முழுக்கத் தூங்குவான். அவன் குறட்டை, பக்கத்து வீட்டு நாய், குக்கர் விசில் என்று எல்லாவற்றுக்கும் இடையில் கிடைக்கிற அமைதியைப் பொறுக்கிப் பொறுக்கி வாசித்து, பாதிப் புத்தகத்துக்கு மேல் முடித்திருந்தாள். சின்னவன் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரில்தான் அத்தனையும் இருந்தன.

"இவங்களுக்குப் படிக்கிறப்போ ஒரே ஒரு விஷயம்தான் தம்பி" என்று அவனிடம் ஒருமுறை சொன்னாள். "வாக்கியத்தோட கடைசி வார்த்தையை முழுங்கக் கூடாது. நமக்குப் புத்தகத்துல கண்ணு ஓடிடும். அவங்களுக்கு நம்ம வாய் மட்டும்தானே இருக்கு."

இந்தப் பதிவுகளை இன்டர்நெட் வழியாகவே அந்தப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அண்ணியின் ஆசை. நெட் இணைப்போ முன் அறையில், சின்னவனின் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்தது. இன்னொரு இணைப்பு வாங்கலாமா என்று அண்ணி கேட்டபோது சின்னவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் எதுக்கு இருக்கேன் அண்ணி? ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிள்ல கோத்து விட்டுட்டா முடிஞ்சது. நெட்டும் வரும், ஃபைலும் இங்கேயும் அங்கேயும் போகும்."

சொன்னபடி செய்தான். கேபிள் சுருள் ஒன்றை வாங்கி வந்து, ஹாலின் சுவரோரம் கிளிப் அடித்து, சமையலறை வாசற்படியைத் தாண்டி, சாமான் அறை வரை இழுத்தான். சுத்தியல் சத்தத்தில் அண்ணன் எழுந்து வந்து திட்டிவிட்டுப் போனான். தன் கம்ப்யூட்டருக்கு வரும் நெட்டை அண்ணியின் கம்ப்யூட்டருக்கும் பகிரும்படி வைத்தான். அண்ணி வானிலைச் செய்தியைத் திறந்து பார்த்து, வெளியில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே, "மழை வரும்னு போட்டிருக்கான் தம்பி!" என்று குதித்தாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. என் கம்ப்யூட்டர் ஆன்ல இருந்தாத்தான் உங்களுக்கு நெட் வரும்."

"அப்போ நான் உன்னை நம்பித்தான் இருக்கேன்னு சொல்லு."

ஃபைல் பகிர்வில்தான் சிக்கல் வந்தது. அவன் முன் அறையிலிருந்து அண்ணியின் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அது பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தான். மறுபடியும் கேட்டது. பொறுமை உள்ளவனாக இருந்தால் உட்கார்ந்து சரிபார்த்திருப்பான். நம் இன்ஜினியர் பின்னறைக்குப் போய், அண்ணியின் கம்ப்யூட்டரில் அனுமதிப் பட்டியலைத் திறந்து, "எல்லோருக்கும்" என்பதைத் தேர்ந்தெடுத்து, "முழு அனுமதி" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டான். பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, "எல்லாருக்கும்னு போடறியே, யாராவது உள்ளே வந்து எதையாவது பண்ணிட மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குள்ள நாம மட்டும்தானே அண்ணி. யாரு வரப்போறா?"

பிறகு தன் வசதிக்காக, அண்ணியின் ஃபோல்டர் தன் திரையிலேயே ஒரு டிரைவ் மாதிரி தெரியும்படியும் செய்துகொண்டான். சோதித்துப் பார்க்க முதல் பாடத்தை மட்டும் தன் பக்கம் நகலெடுத்து, அண்ணியின் ஃபோல்டருக்கு இருந்த அதே "சட்டப் புத்தகம்" என்ற பெயரில் போட்டு வைத்தான். அந்த முதல் பாடம் மாதிரிக்காக அந்தப் பெண்ணுக்கும் போனது. "அக்கா, பக்கத்துல உட்கார்ந்து சொல்ற மாதிரி இருக்கு" என்று அவள் போனில் சொன்னாளாம். மிச்சத்தையும் ஒருமுறை கேட்டுத் திருத்திவிட்டு மொத்தமாக அனுப்புகிறேன் என்றாள் அண்ணி. அன்று முழுவதும் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் தூக்கத்தில். சின்னவனின் டிஸ்க்கில் இடம் போதவில்லை. ஊரில் உள்ள குளியலறைகள் எல்லாம் அவன் டிஸ்க்கில்தானே இருந்தன. கடை முதலாளி வேறு போனில் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு ஹோட்டலின் இத்தனை குளியலறையும் நாளைக்கே வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேண்டாததை அழித்துக்கொண்டே வந்தான். "சட்டப் புத்தகம்" கண்ணில் பட்டது. சோதனைக்கு எடுத்த நகல்தானே, இனி எதற்கு? அழி என்றான். நிரந்தரமாக அழிக்கவா என்று பெட்டி ஒன்று கேட்டது. "சரிங்க முதலாளி" என்று போனுக்குச் சொல்லிக்கொண்டே அதற்கும் சரி என்று தட்டினான்.

ஒரே ஒரு பாடத்தை அழிக்கத் திரையில் அந்தப் பட்டை ஏன் இவ்வளவு நேரம் ஊர்கிறது என்று அப்போதே கேட்டிருக்கலாம். முதலாளி கேட்கவிடவில்லை. போனை வைத்தபிறகு எவ்வளவு இடம் காலியாயிற்று என்று பார்த்தான். சட்டப் புத்தகத்தை அழித்ததால் ஒரு துளி இடம்கூடக் கூடியிருக்கவில்லை. அவனுடைய நகல் அவன் டிஸ்க்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் அழிந்தது, திரையில் டிரைவாகத் தெரிந்த அண்ணியின் ஃபோல்டர்.

பின்னறைக்கு ஓடினான். அண்ணியின் ஃபோல்டர் வெறுமையாக இருந்தது. குப்பைக்கூடையைத் திறந்தான், அதிலும் ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குள் கையை விட்டு அழித்தால் அது குப்பைக்கூடைக்கே போகாது, நேராகப் போயே போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பாடமாக எடுப்பவனே அவன்தான். கடையில் எவனாவது இதைச் செய்திருந்தால் அவனை ஒரு வாரம் ஓட்டி எடுத்திருப்பான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். அதில் பொய் இல்லை. அண்ணி வந்ததும் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்தான். அண்ணி வந்தாள், பைகளை இறக்கினாள், கடைக்காரன் ஏமாற்றியதைச் சொன்னாள், நேராகப் பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவன் அவளிடம் கேட்டதே இல்லை.

"தம்பி... இங்கே கொஞ்சம் வாயேன்."

அவள் மவுஸைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில திருத்திட்டுத்தான் போனேன். எதையும் அழிக்கலையே. அழிச்சேனா? நான்தான் எதையாவது அமுக்கிட்டேனா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "நான்தான் அண்ணி." இரண்டே சொல். அதைச் சொல்லாமல் அவன் திரையைப் பார்த்தான். கதவோரத்தில் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்று, "என்ன, இன்ஜினியர் என்ன சொல்றான்?" என்று வேறு கேட்டான்.

"இருக்கலாம்" என்றான் சின்னவன். அதையும் பாதி முழுங்கிவிட்டுத்தான் சொன்னான்.

அண்ணி தலையை ஆட்டினாள். "நான்தான்" என்றாள். "வேற யாரு இருக்கா?"

ஹோட்டல் வேலையை ராத்திரியோடு முடித்து அனுப்பி, மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தேடினான். கிடைத்தது துண்டுதுண்டாகக் கிடைத்தது. பாதிச் சொல், பிறகு கரகரப்பு, பிறகு ஒரு இருமல், மறுபடியும் பாதிச் சொல். ஒரே ஒரு துண்டு மட்டும் தெளிவாக இருந்தது. "ஒரு தரப்பினர் மற்றவரைத் தவறாக நம்பவைத்து" என்று அண்ணியின் குரல் நிதானமாகச் சொல்லி அறுந்துபோனது. அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஒண்ணும் கிடைக்கல அண்ணி" என்றான் சாயங்காலம்.

"பரவால்ல விடு. நீ எனக்காக லீவு வேற போட்டுட்டே" என்றாள் அவள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

குற்றம் செய்தவன் திடீரென்று நல்லவனாகிவிடுவான். சின்னவனும் ஆனான். கேட்காமலே கேஸ் சிலிண்டர் மாற்றினான். ஒட்டடை அடித்தான். சம்பளம் வந்ததும் அண்ணிக்குப் புது மைக் வாங்கிக் கொடுத்தான். "தம்பி மாதிரி ஒருத்தன் கிடைக்கணுமே" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னது சுவர் தாண்டி அவன் காதில் விழுந்தது. நாலு அறை கொடுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அண்ணனோ, "என்னடா, இன்ஜினியர் வேலையை விட்டுட்டு வீட்டு வேலைக்கு வந்துட்டே? காதல் கீதலா?" என்று ஓட்டினான். சின்னவன் இளித்து வைத்தான்.

அண்ணி அந்தச் சட்ட மாணவிக்குப் போன் செய்தபோதும் அவன் வீட்டில்தான் இருந்தான். "என் தப்புதாம்மா. கவனக்குறைவு. எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன். பரீட்சைக்குள்ள முடிச்சிடுறேன், நீ பயப்படாதே." மருத்துவமனையில் ஆயிரம் பேரைச் சமாதானம் செய்த குரல், இப்போது தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. செய்யாத தப்புக்கு. சின்னவன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். ஆனால் முன்பு மாதிரி ஓடவில்லை. ஒரு பக்கம் வாசித்துவிட்டு, பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பாள். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பாள். தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு ஒரு நாள் வந்து சொன்னாள்: "தம்பி, இனிமே நான் படிக்கிறதெல்லாம் உன் கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். என் கை அதுல பட வேண்டாம். உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

"சரி அண்ணி" என்றான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நாளை வந்தது, போனது. தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது. அழித்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லாததையும் சொல்ல வேண்டும்.

அடுப்புப் பக்கம் ஏதோ நடக்கிறது என்பதையும் அவன் கவனித்தான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, திருகைத் தொட்டுப் பார்ப்பாள். ஹாலுக்கு வருவாள், திரும்பிப் போய் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். வெளியே கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினேனா என்று திரும்பி வருவாள். வயதாகிறது, அவ்வளவுதான் என்று அவன் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டான். அண்ணிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கே போன் செய்தாள். "சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா தம்பி? ஒரு இடத்துக்குப் போகணும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததும்தான் இடத்தைச் சொன்னாள். நரம்பு மருத்துவர். எதற்கு என்று கேட்டதற்கு, சிக்னலில் நிற்கும்போது அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு மறதி நோய் வந்தது உனக்குத் தெரியும்ல? அது இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு பெட்டியை எங்கேயோ வெச்சுட்டாங்க. வெச்ச ஞாபகமே இல்லைன்னாங்க. சத்தியமா நான் தொடலைன்னு அழுதாங்க. நாங்க எல்லாம் சிரிச்சோம். கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க." பச்சை விழுந்தது, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். "அந்த ஃபோல்டரை அழிச்ச ஞாபகம் எனக்குத் துளிகூட இல்ல தம்பி. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். சுத்தமா இல்ல."

வண்டி எப்படி அந்த மருத்துவமனை வரை போனது என்று சின்னவனைக் கேட்டால் தெரியாது.

காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். டோக்கன் எண் காட்டும் சிவப்புப் பெட்டி. எதிரில் ஒரு கிழவர், மகள் ஊட்டிய பிஸ்கட்டைச் சுவைத்துக்கொண்டு, அவளிடமே அவள் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. சின்னவன் காதைக் கொடுத்தான். இன்றைய கிழமை, தேதி, மாதம், வருடம், வீட்டுக் கதவு எண் என்று தனக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், வகுப்புக்கு வெளியே நின்று கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி.

"உள்ளே இதெல்லாம் கேப்பாங்களாம்" என்று வெட்கத்தோடு சொன்னாள். "அம்மாகிட்ட கேட்டாங்க. மூணு வார்த்தை சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அதைத் திருப்பிக் கேப்பாங்க. நீ ஒரு தடவை என்னைக் கேளேன். பழகிக்கிறேன்."

"வேண்டாம் அண்ணி."

"கேளு தம்பி. பயமா இருக்கு."

அவன் கண்ணில் பட்டதைச் சொன்னான். "குடை. நாற்காலி. சாவி."

"குடை, நாற்காலி, சாவி." கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்புப் பெட்டியில் ஒரு எண் மாறியது. யாரோ எழுந்து போனார்கள். அவன் கேட்காமலிருக்க, அவளே கண்ணைத் திறந்து, "இப்போ கேளு" என்றாள்.

"என்ன வார்த்தை அண்ணி?"

"குடை. நாற்காலி. சாவி." மூன்றையும் சரியாகச் சொன்னதில் அவள் முகம் மலர்ந்து, கண் நிறைந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிதானே? சரியாச் சொல்லிட்டேன்ல?"

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்க அழிக்கல. அழிச்சது நான்."

அவள் புரியாமல் சிரித்தாள். என்னைத் தேற்றச் சொல்கிறாய் என்பது மாதிரி. அவன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டான் என்று அவனுக்கே தெரியும். எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தது, இரண்டு ஃபோல்டருக்கும் ஒரே பெயர், முதலாளியின் போன், டிஸ்க்கில் கூடாத இடம், காலிக் குப்பைக்கூடை என்று எல்லாவற்றையும் கொட்டினான். சொல்லச் சொல்ல அவளுடைய கை அவன் கையிலிருந்து மெல்ல விலகி மடிக்குப் போனது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

"அப்போ நான் கேட்டப்போ?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டப்போ?"

"பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "ஃபைல் போனா மறுபடி படிச்சுக்குவேன் தம்பி" என்றாள். "தொண்டை போனாக்கூடப் பரவால்ல. ஆனா நான் என் கையையே நம்பாம இருந்தேன். அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உங்கண்ணனை எப்போ மறந்துபோவேனோன்னு தூங்குற மூஞ்சியை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ அதையெல்லாம் பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

சிவப்புப் பெட்டியில் அவளுடைய எண் வந்தது. அவள் எழுந்தாள்.

"அண்ணி, அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேனே. எதுக்கு உள்ளே?"

"டாக்டர் சொல்லட்டும்" என்றாள். "உன் பேச்சை நம்பி வீட்டுக்குப் போகச் சொல்றியா?"

வெளியே வந்தபோது மருத்துவர் என்ன சொன்னார் என்று அவளாகச் சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு, "நல்லாத் தூங்கச் சொன்னார்" என்றாள். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். சின்னவன் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே, அது நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, புகையைக் குடித்துக்கொண்டு வீடு வரை வந்தான்.

அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி அவனைத் தாண்டி உள்ளே போனாள். அவள் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று சின்னவன் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் ஓங்கி ஒன்று விடுவான் என்றுதான் எதிர்பார்த்தான். அண்ணன் கட்டிய கயிற்றை அவிழ்த்தான்.

"லீவு அன்னிக்கு அவ எழுந்து எழுந்து அடுப்பைப் பார்த்தா. தூங்க விடுடின்னு திட்டினேன்டா" என்றான். "கிறுக்கு பிடிச்சிருச்சான்னு கேட்டேன்." எழுந்து உள்ளே போனான். அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

இரண்டு நாள் அண்ணி சின்னவனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். கம்ப்யூட்டருக்கு முன் அவள் உட்கார்ந்திருந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"அந்த டிக் எங்கே இருக்கு?"

அவன் மவுஸை எடுக்கக் கையை நீட்டினான். "தொடாதே. வாயால சொல்லு."

சொன்னான். அவள் தேடித் தேடி, தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பி, அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். "எல்லோருக்கும்" என்பதைத் தானே நீக்கினாள். அவன் கம்ப்யூட்டரில் இருந்த புதுப் பதிவுகளை அதற்குள் கொண்டுவந்து, தன் பெயருக்கு மட்டும் பாஸ்வேர்டு வைத்தாள். வைக்கும்போது அவனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். அந்த வயதில் சுவரைப் பார்த்து நின்றது அவனுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"நெட் உன் வழியாத்தான் வரணும்னா வரட்டும். என் ஃபோல்டருக்குள்ள நீ வர வேண்டாம்."

"சரி அண்ணி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பரீட்சைக்குள்ள நீங்க ஒருத்தரே முடிக்க முடியாது. அழிஞ்சதை நான் படிக்கிறேன். கடை விட்டு வந்து தினமும் படிக்கிறேன்" என்றான்.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு ஒப்பந்தச் சட்டம் தெரியுமா?"

"குளியலறைகூடத்தான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். "எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. பாடத்துக்கு முன்னாடி, என்ன புத்தகம், எந்தப் பாடம், வாசிக்கிறது யாருன்னு சொல்லணும். குரல் மாறினா ஏன் மாறுச்சுன்னும் சொல்லணும். அந்தப் பொண்ணு என் தப்புன்னு நினைச்சுட்டிருக்கா."

அவனுக்குப் புரிந்தது.

அன்று மாலை அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொள்ள, சின்னவன் புது மைக்கோடு அலமாரிக்குள் தலையை விட்டான். போர்வைகளில் நாப்தலின் நெடி. இருட்டில் தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. புத்தகத்தின் பெயரைச் சொன்னான். அண்ணி மறுபடி வாசித்து நிறுத்தியிருந்ததற்கு அடுத்த பாடத்தின் எண்ணைச் சொன்னான். பிறகு, "இதை வாசிப்பவர் முன்பு வாசித்த அக்காவின் கொழுந்தன்" என்றான். "அக்கா இந்தப் பாடங்களை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவற்றை அழித்ததும், அழித்ததை மறைத்ததும்..."

அவன் குரல் தாழ்ந்தது. மிச்சத்தைச் சொல்லிவிட்டு, அவசரமாகப் பாடத்தின் முதல் வரிக்குப் போனான்.

பின்னாலிருந்து போர்வை விலகியது. அண்ணி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது; குரல் கலங்கவில்லை.

"கடைசி வார்த்தையை முழுங்கிட்டே" என்றாள். "மறுபடி முதல்லேர்ந்து படி."

அவன் பக்கத்தைத் திருப்பி, முதலிலிருந்து தொடங்கினான். புத்தகம், பாடம், வாசிப்பவர். அக்கா மேல் தவறில்லை. அழித்ததும் மறைத்ததும் நான்.